வளைவில் யாரும் நிற்கவில்லை

லூர்து இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் குமரவேல். ஞாயிற்றுக்கிழமை காலை, சிப்காட்டில் எங்கள் தொழிற்சாலை ஆய்வகத்தில் எனக்கு ஷிப்ட். போனை எடுத்ததும், "பாய், லூர்து அண்ணன் போயிட்டாரு பாய். சேத்தியாத்தோப்புக்கு முன்னாடி வளைவுல லாரி அடிச்சிருச்சு" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த வாக்கியமும் வந்துவிட்டது. "நம்ம வண்டிக்கு ஒண்ணும் ஆவல பாய். ஓரமாத்தான் நிறுத்தியிருந்தாரு."

அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் மன்னிக்கவில்லை. அதிர்ச்சியில் உளறியிருப்பார் என்று என் மனைவி சொன்னாள். உளறும்போதுதானே உள்ளே இருப்பது வெளியே வரும். எட்டு வருடம் தோளோடு தோள் உரசிய நண்பன் ரோட்டில் கிடக்கிறான், வண்டியில் கீறல் விழுந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்திருக்கிறார்கள்.

லூர்துவின் நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி, அவரோடு வண்டி ஓட்டிய உங்களில் சிலர் கேட்டீர்கள். "நீங்கதான் பாய் அவருக்கு ரொம்ப நெருக்கம்" என்று சொன்னீர்கள். எழுதுகிறேன். இரண்டு பக்கத்தில் அடங்காது, இனிப்பாகவும் இருக்காது. அச்சிடுவதும் கிழித்துப் போடுவதும் உங்கள் இஷ்டம். உங்கள் மோட்டார் சைக்கிள் கம்பெனிகளின் பெயர்களை மட்டும் எழுத மாட்டேன். சம்பளம் வாங்காமல் நீங்கள் அவர்களுக்குச் செய்த விளம்பரமே போதும். ஜெர்மன் வண்டி, ஜப்பான் வண்டி என்று சொன்னால் உங்களுக்குப் புரியும். புரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

லூர்துசாமி மஸ்கட்டில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு 2004இல் கடலூருக்குத் திரும்பினார். எங்கள் தொழிற்சாலையில் கருவிப் பிரிவு பொறியாளராகச் சேர்ந்தார். மஸ்கட்டில் ஓட்டிக்கொண்டிருந்த ஜப்பான் வண்டியையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். பாலைவனத்திலும் தார் ரோட்டிலும் ஒரே மாதிரி ஓடுகிற, நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்த ராட்சத வண்டி அது. அவருடைய மனைவி ஜெசிந்தா அதற்கு 'ஒட்டகம்' என்று பெயர் வைத்திருந்தார். முதல் நாள் அது தொழிற்சாலை வாசலில் வந்து நின்றபோது வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை சுற்றி நின்று பார்த்தார்கள். "சார், லிட்டருக்கு எவ்ளோ குடுக்குது?" என்று வாட்ச்மேன் கேட்டார். "அது எங்கப்பா குடுக்குது? வாங்கிக்கினே இருக்குது" என்றார் லூர்து. அன்றைக்கே எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போயிற்று.

நான் ஸ்கூட்டர்காரன். ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்தால் என் கால் தரையில் எட்டாது. ஆகவே எப்போதும் பின்சீட்டுதான். சிதம்பரத்திலிருந்து வேலைக்கு வந்துபோகிற எனக்கு, சனிக்கிழமை ஷிப்ட் முடிந்தால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாக வீடுவரை கொண்டுவந்து விடுவார். மேல வீதியில் டீ குடித்துவிட்டு அவர் மட்டும் திரும்பிப் போவார். "உன்னை எறக்கி விடறதுக்குன்னு வந்தாத்தான் மச்சான் ஜெசிந்தா திட்ட மாட்டா. இல்லன்னா எங்க ஊர் சுத்தப் போறேன்னு கேப்பா" என்பார். எட்டு வருடம் அந்த அம்மாவிடம் என்னைத்தான் சாக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வண்டியைச் சுற்றித்தான் ஜப்பான் கட்சி முளைத்தது. லூர்து அதை ஆரம்பிக்கவில்லை. குமரவேல் மஞ்சக்குப்பத்தில் செல்போன் கடை வைத்திருந்தார். அதே கம்பெனி இந்தியாவில் விற்கிற சின்ன வண்டி ஒன்று அவரிடம் இருந்தது. அந்தச் சொந்தம் அவருக்குப் போதும். தன்னைப்போல் சின்ன வண்டி வைத்திருந்த பையன்களைச் சேர்த்து, ஒரே மாதிரி பனியன் அடித்து, லூர்துவைக் 'கேப்டன்' ஆக்கிவிட்டார். 2009 வாக்கில் பண்ருட்டி முந்திரி வியாபாரி பாஸ்கர், சென்னையில் சொல்லி வைத்து, ஜெர்மன் வண்டி ஒன்றை இறக்கினார். சிதம்பரத்து டாக்டர் ஒருவரும் வாங்கினார். உடனே ஜெர்மன் கட்சி. மாவட்டம் முழுக்கத் தேடினால் பெரிய வண்டிகள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். அவற்றுக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்கள் ஒரு மண்டபம் நிறைய இருந்தார்கள். ஜெர்மன் வண்டியில் ஒருநாளும் உட்கார்ந்திராதவன், அதற்குச் செயின் கிடையாது, தண்டு வழியாகச் சக்கரம் சுற்றுகிறது என்று, ஏதோ தன் பாட்டன் கண்டுபிடித்ததைப்போல நெஞ்சை நிமிர்த்திப் பேசுவான். ஜப்பான் கட்சிக்காரன், "ஒரு நட்டு போனா ஜெர்மனிக்கு ஆள் அனுப்பணும்டா ஒங்களுக்கு" என்பான். ஒரே டீக்கடையில் இரண்டு பெஞ்சு. நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கும் பிஸ்கட் நீட்டுகிற ஒரே ஆள் லூர்து.

"கம்பெனிக்காரன் என்னா நமக்குப் பொண்ணு குடுத்த மாமனாராடா, விட்டுக்குடுக்காம பேசறதுக்கு? காசு குடுத்தோம், வண்டி குடுத்தான். அத்தோட முடிஞ்சிது." இதை அவர் சொல்லி நீங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். சிரித்தும் இருக்கிறீர்கள். சிரித்துவிட்டு, மறுநாளே அவர் படத்தைப் போட்டுப் பனியன் அடித்தீர்கள்.

ஒப்பிட்டுப் பார்த்தே தீர வேண்டும் என்று இரண்டு கட்சியும் ஒற்றைக்காலில் நின்றபோது, "சரி, ரெண்டையும் நான் ஓட்டிப் பாக்கறேன். சொல்றதைக் கேப்பீங்களா?" என்றார். கேட்போம் என்று சத்தியம் செய்தீர்கள். கடலூரிலிருந்து சிதம்பரம்வரை ஒன்றில், திரும்ப மற்றதில், நடுவில் சாமியார்பேட்டைக் கடற்கரை மணலில் இரண்டிலும். நானும் பின்சீட்டில் போனேன். ஜெர்மன் வண்டியின் சீட்டு சோபாதான், அதை மறுக்க முடியாது. ஒட்டகத்தில் சிதம்பரம் போய் இறங்கினால் என் இடுப்பு ஒரு மணி நேரம் என்னோடு பேசாது.

கடற்கரையில் அவர் செய்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. முதலில் தன்னுடைய ஒட்டகத்தை மணலில் நிறுத்தி, கையை விட்டு, பக்கவாட்டில் சாய்த்துத் தள்ளிவிட்டார். தொப்பென்று விழுந்தது. ஜப்பான் கட்சி "ஐயோ" என்று அலறியது. தனியாளாக நிமிர்த்திப் பார்த்தார், முடியவில்லை. முகம் சிவந்து மூச்சு வாங்கியது. அடுத்து பாஸ்கரிடம் அனுமதி கேட்டு அவர் வண்டியையும் அப்படியே சாய்த்தார். பாஸ்கர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த வண்டிக்கு என்ஜின் இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டு நிற்கும். அதனால் முழுக்கப் படுக்காமல், ஒருக்களித்த மாதிரி நின்றது. லூர்து முதுகைக் கொடுத்துத் தள்ளி, ஒரே மூச்சில் நிமிர்த்திவிட்டார்.

"விழுந்தா எழுப்பறதுக்கு ஜெர்மன்காரன் வண்டி நல்லாருக்குது. ரிப்பேருன்னா நம்மூர் மெக்கானிக்கு கைய வைக்கறதுக்கு ஜப்பான்காரன் வண்டி நல்லாருக்குது. ரெண்டுமே நம்ம ரோட்டுக்கு ஒசரம் ஜாஸ்தி, வெயிட்டும் ஜாஸ்தி. ஒண்டியா போனா ரெண்டுமே ஆபத்து. கூட ஒரு ஆள் இருந்தா ரெண்டுமே தங்கம்." இதுதான் அவர் தீர்ப்பு. இவ்வளவு நேர்மையான தீர்ப்பை நான் கோர்ட்டில்கூடக் கேட்டதில்லை. அன்று சாயங்காலமே ஜெர்மன் கட்சி, 'ஜப்பான் கேப்டனே ஒப்புக்கொண்டார்' என்று முதல் வரியை மட்டும் இணையத்தில் போட்டது. ஜப்பான் கட்சி இரண்டாவது வரியை மட்டும் போட்டது. கடைசி வரியை யாரும் போடவில்லை. அந்த ஒரு வரியை நீங்கள் காதில் வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

அப்புறம் அந்தப் படம் எடுக்கிற வழக்கம். எதிர்க்கட்சி வண்டி எங்காவது ரிப்பேராகி நின்றால், நின்று உதவக் கூடாது. படம் மட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். சாயங்காலம் அதை இணையத்தில் போட்டு, கீழே நாலு நக்கல் எழுத வேண்டும். யார் முதலில் ஆரம்பித்தது என்று கேட்டால் இரண்டு பேரும் எதிரே கையைக் காட்டுவீர்கள். அதற்குப் பயந்து இன்னொரு வழக்கமும் வந்தது. தன் வண்டி நின்றுபோனால் ஒளித்துவைப்பது. மரத்துக்குப் பின்னால், சுவருக்குப் பின்னால், மாட்டுக்கொட்டகைக்குள். உங்கள் கம்பெனி வண்டி ரோட்டில் நின்றதென்று ஊருக்குத் தெரியக் கூடாது. நல்ல வயதுவந்த ஆண்பிள்ளைகள் செய்கிற காரியமா இது?

ஒருமுறை பிச்சாவரம் போகும் வழியில், கிள்ளைக்குப் பக்கத்தில், ஒட்டகத்தின் செயின் அறுந்துபோனது. லூர்து இறங்கி, பக்கப் பெட்டியைத் திறந்து, நாலாக மடித்த சிவப்புத் துணி ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். ஜெசிந்தாவின் பழைய புடவையில் கிழித்தது. "மச்சான், நீ பின்னாடி அந்த வளைவாண்ட போயி நின்னு இத ஆட்டிக்கினே இரு. ரோட்டுல ஒருத்தன் வேலை பாத்தா, பின்னாடி ஒருத்தன் நிக்கணும். அது இல்லாம நான் ஸ்பேனரத் தொட மாட்டேன்." மஸ்கட்டில் ஒரு கூட்டாளியை அப்படித்தான் பறிகொடுத்ததாகச் சொன்னார். நான் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் உங்கள் கூட்டம் வந்தது. லூர்து குமரவேலைக் கூப்பிட்டு, "டேய், நம்ம வண்டி நின்னுருச்சு, நல்லா படம் எடுத்துப் போடு" என்றார். குமரவேல் நெளிந்தார். "நம்ம வண்டிய நாமளே எப்படிண்ணே போடறது?" லூர்து விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

2011 கடைசியில் புயல் அடித்ததே, அந்த வாரத்தை நினைத்துப் பாருங்கள். கடலூரில் கரண்டு இல்லை, தண்ணீர் இல்லை, ரோடு முழுக்க மரம். பாஸ்கரின் முந்திரித் தோப்பு வேரோடு சாய்ந்து கிடந்தது. பெரிய வண்டிகள் நுழைகிற இடத்தில் கார் நுழையாது என்று லூர்துதான் யோசித்தார். இரண்டு கட்சியையும் கூட்டி, பால் பவுடர், பிரெட், மெழுகுவர்த்தி எல்லாம் ஏற்றி அனுப்பினார். நல்ல காரியம். போய்ப் பார்த்தால் பிரெட் பாக்கெட்டின் மேல் ஜப்பான் ஸ்டிக்கர், மெழுகுவர்த்திக் கட்டின் மேல் ஜெர்மன் ஸ்டிக்கர். புயலடித்த மூன்றாம் நாள் ஸ்டிக்கர் அடிக்க உங்களுக்கு எங்கே கரண்டு கிடைத்தது என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை. லூர்து ஒவ்வொரு பாக்கெட்டிலிருந்தும் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார். அதை முடித்துவிட்டு பாஸ்கர் தோப்புக்குப் போய், இரண்டு நாள் அவரோடு மரம் அறுத்தார். பாஸ்கர் எல்லாம் போச்சு என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த நேரம் அது. "நாள் முழுக்க ஒரு வார்த்த ஆறுதல் சொல்லல பாய். ரம்பத்தோட அந்தாண்ட முனையப் புடிச்சிக்கிட்டாரு, அவ்ளோதான்" என்று பாஸ்கர் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

2012, புயல் போய் சில மாதங்கள் ஆகியிருந்தன. வடலூர், சேத்தியாத்தோப்பு, வீராணம் ஏரி, அங்கிருந்து சிதம்பரத்தில் டிபன் என்று ஜப்பான் கட்சியின் பயணம். ஜெர்மன் கட்சி அதே பாதையில் கொஞ்சம் முன்னால் கிளம்பியிருந்தது. நடந்தது இன்னதென்று அடக்கத்தின்போது எனக்குத் தெரியாது. நின்றுகொண்டிருந்தவரை லாரி இடித்தது என்று மட்டும்தான் சொன்னார்கள். ஏன் நின்றார் என்று கேட்டேன். "டயர் செக் பண்ணிக்கினு இருந்தாரு பாய்" என்றார் குமரவேல். யாருடைய டயர் என்று சொல்லவில்லை.

கல்லறைத் தோட்டத்து வாசலில் ஜப்பான் கட்சி பிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தது, இரண்டு ஆள் உயரத்துக்கு. லூர்து ஒரு வண்டியின் பக்கத்தில் மண்டியிட்டு, நிமிர்ந்து பார்த்து, ஒரு கையைத் தூக்கிக் காட்டுகிறார். வண்டி அவருடைய ஒட்டகம்கூட இல்லை. அதே கம்பெனி புதிதாக விட்டிருந்த மாடல், விளம்பரத்திலிருந்து வெட்டி ஒட்டியது. கீழே, 'கையசைத்து விடைபெற்ற எங்கள் கேப்டனே' என்று எழுதியிருந்தது. சாவுக்குப் போட்ட பேனரில் ஷோரூம் வண்டி. ஜெசிந்தா அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். அன்று நான் கோபப்பட்டது வண்டிக்காகத்தான். அந்தக் கையை நான் கவனிக்கவில்லை.

பத்து நாள் கழித்து பாஸ்கர் என் வீட்டுக்கு வந்தார். ஜெர்மன் வண்டியில் வரவில்லை, பஸ்ஸில் வந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. "டயர் என்னோடது பாய்" என்றார்.

அவர் வண்டியின் பின் டயரில் ஆணி ஏறியிருக்கிறது. அவருடைய கூட்டாளிகள் முன்னால் போய்விட்டார்கள். போன் செய்து கூப்பிட்டிருக்கலாம். ஆனால் பின்னால் ஜப்பான் கட்சி வருகிறது என்று அவருக்குத் தெரியும். நேரான ரோட்டில் நின்றால் தூரத்திலிருந்தே பார்த்துவிடுவார்கள், படம் எடுப்பார்கள். அதனால் அந்தக் கனத்த வண்டியை மூச்சுத் திணறத் தள்ளிக்கொண்டு போய் வளைவுக்கு அந்தாண்ட நிறுத்தினார். வருகிறவனுக்குத் தெரியாத இடம். அவர் தேடிப் பிடித்ததே அப்படிப்பட்ட இடத்தைத்தான். அதே இடம் லாரிக்காரன் கண்ணிலும் படாது என்று அவருக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

ஜப்பான் கட்சியில் முதலில் வந்தவர் லூர்து. பாஸ்கரைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். டியூப் இல்லாத டயர். ஆணியைப் பிடுங்கி, ரப்பர் திரியைச் செருகி, கால் பம்பால் காற்றடித்தால் தீர்ந்தது. பம்பும் திரியும் லூர்துவிடம்தான் இருந்தன. பாஸ்கர் வைத்துக்கொள்வதில்லை, அந்த வண்டி நிற்காது என்பது அவர்கள் கட்சியின் கொள்கை. லூர்து பெட்டியைத் திறந்து துணியை எடுக்கப் போனவர், "பாஸ்கரு, நீ போயி வளைவாண்ட நில்லு" என்றிருக்கிறார்.

"போவல பாய். அவுங்க வராங்கன்னு சத்தம் கேட்டுது. நான் வண்டிக்குப் பின்னாடி குனிஞ்சிக்கிட்டேன் பாய். மூஞ்சி தெரியக் கூடாதுன்னு." பாஸ்கர் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "சரி விடு, நம்ம பசங்க வரானுங்க, அவனுங்கள நிக்க வைக்கலாம்னு சொல்லி அவரு ஒக்காந்துட்டாரு. குமரவேலு வந்தான். மத்தவனுங்க எல்லாம் வந்தானுங்க. 'குமாரு, பின்னாடி போயி நில்லுடா'ன்னு கையக் காட்டிக் கத்தினாரு. அவன் வேகத்தக் கொறச்சான். நிக்கப் போறான்னுதான் நெனச்சேன். படம் எடுத்துக்கினு போயிட்டான் பாய். எல்லாரும் சிரிச்சிக்கினே போனானுங்க. பாதி வேலதான் பாக்கி, முடிச்சிரலாம்னு அவரு மறுபடியும் குனிஞ்சாரு, அப்பவும் நான் போவல. அப்பறம் கொஞ்ச நேரத்துலதான் கரும்பு லாரி."

லாரி ஓட்டியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வளைவில் திரும்பியவர் பிரேக்கை முழுக்க மிதித்தும் லாரி நிற்கவில்லை என்று பாஸ்கரே சொல்கிறார். யாராவது ஒருவர் பின்னால் நின்று ஒரு துணியை ஆட்டியிருந்தால் அவரும் நின்றிருப்பார், லூர்துவும் இருந்திருப்பார்.

பாஸ்கர் போன பிறகுதான் எனக்கு அந்தப் பேனர் ஞாபகம் வந்தது. மறுநாள் கடலூரில் அந்தப் பிளெக்ஸ் கடைக்குப் போய், பேனரில் வெட்டி ஒட்டுவதற்கு முன்னால் கொடுத்த படம் இருக்கிறதா என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் இருந்த பெண் தேடி எடுத்துக் காட்டினார். "இதுல வேற வண்டி இருந்துது சார். எடுத்துட்டு இத வைக்கச் சொன்னாங்க. பின்னாடி ஒருத்தரு தல தெரிஞ்சுது, அதையும் எடுக்கச் சொன்னாங்க." முழுப் படத்தில் ஜெர்மன் வண்டி இருக்கிறது, அதன் பின்னால் பாஸ்கரின் உச்சந்தலை இருக்கிறது, லூர்துவின் காலடியில் பம்பு இருக்கிறது. தூக்கிய கை, வந்த வழியில் இருக்கும் வளைவைக் காட்டுகிறது. வாய் திறந்திருக்கிறது. பேனரில் சிரிப்புபோலத் தெரிந்தது அதுதான். விடைபெறவுமில்லை, கையசைக்கவுமில்லை. உங்களிடம் ஒரு உதவி கேட்டுக்கொண்டிருந்தார்.

நக்கல் செய்வதற்காக எடுத்த படத்தை அஞ்சலிக்குப் போட்டிருக்கிறீர்கள். நக்கலுக்கு எந்த வண்டி தேவைப்பட்டதோ அதையே அழித்துவிட்டு.

முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து ஜெசிந்தாவின் வீட்டில் எல்லோரும் இருந்தோம். குமரவேல் எழுந்து அறிவித்தார். வருடா வருடம் கேப்டன் பெயரில் நினைவுப் பயணம், கடலூரிலிருந்து சிதம்பரம்வரை. நம் கம்பெனி வண்டிகளுக்கு மட்டும் அனுமதி. ஜெசிந்தா உள்ளே போய், நான் முந்தின நாள் கொடுத்திருந்த முழுப் படத்தைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

"குமாரு, இந்தக் கையி என்னா சொல்லுது?"

குமரவேல் படத்தைப் பார்த்தார். நீங்கள் எல்லோரும் அவரைப் பார்த்தீர்கள். நானும் பார்த்தேன். இல்லை என்று சொல்லப் போகிறார், இன்னொரு பொய்க்குத் தயாராகிறார் என்றுதான் நினைத்தேன். "பின்னாடி நிக்கச் சொன்னாருக்கா" என்றார். "அடுத்தாப்ல சேத்தியாத்தோப்புல டீ சொல்லியிருந்தோம்... இப்படி ஆவும்னு நெனைக்கலக்கா."

"நின்னிருந்தா டீ ஆறியிருக்கும். அவ்ளோதானே?" என்றார் ஜெசிந்தா. சத்தம் போடவில்லை. "அவுரு பேர்ல ஊர்வலம் விட்டா எல்லா வண்டியும் வரட்டும். சைக்கிளு வந்தாலும் வரட்டும். இல்லன்னா அவுரு பேர எடுத்துருங்க." அப்படியே திரும்பி, சுவரோரம் நின்றிருந்த பாஸ்கரைப் பார்த்தார். "நீங்களும்தான். அவுரு சொன்ன எடத்துக்குப் போயி நின்னிருந்தா ஒங்க மூஞ்சிதான் தெரிஞ்சிருக்கும்."

அன்றைக்கு உங்களில் பலர் அழுதீர்கள். உண்மையான அழுகைதான், நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அழுதுவிட்டு வாசலில் செருப்பு மாட்டும்போது, ஜெர்மன் வண்டியில் பம்பு வைத்திருந்தால் இது நடந்தே இருக்காது என்று ஒருவன் சொன்னான். ஜப்பான்காரர்கள் நின்றிருந்தால் நடந்திருக்காது என்று மற்றவன் திருப்பிச் சொன்னான். படியில் நின்றுகொண்டே ஆரம்பித்துவிட்டீர்கள். அந்த இடத்தில் யாரையாவது அறைந்துவிடுவேனோ என்று பயந்து நான் பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

அங்கே ஒட்டகம் நின்றது. என் பின்னாலேயே வந்த ஜெசிந்தா பக்கப் பெட்டியைத் திறந்து காட்டினார். சிவப்புத் துணி மடித்தது மடித்தபடி இருந்தது. அன்றைக்கு அதைப் பிரிக்கவே இல்லை. பிரித்துக் கொடுத்தாலும் வாங்கிப்போய் நிற்க ஆளில்லை. "நீங்களே வச்சிக்குங்கண்ணே. நீங்கதான் முன்ன நின்னவுரு" என்று துணியையும், போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்த பம்பையும் என்னிடம் கொடுத்துவிட்டார். என் ஸ்கூட்டர் சீட்டுக்குக் கீழே இரண்டும் இருக்கின்றன. லூர்துவிடமிருந்து எனக்கு வந்த சொத்து இவ்வளவுதான்.

நினைவுப் பயணத்துக்கு எல்லா வண்டியும் வரலாம் என்று மாற்றியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். சேத்தியாத்தோப்பு வழியாகத்தான் போகப் போகிறீர்களாம். அன்று காலை அந்த வளைவில் நான் நிற்பேன். மேடைக்குக் கூப்பிடாதீர்கள், மாலை எதுவும் வேண்டாம். எந்த வண்டி நின்றாலும் நீங்கள் வேலையைப் பாருங்கள், பின்னால் துணியை நான் ஆட்டுகிறேன். ஜெர்மன் வண்டிக்கும் ஆட்டுவேன், ஜப்பான் வண்டிக்கும் ஆட்டுவேன். குமரவேல், உனக்கும்தான். பாஸ்கர், உமக்கும்தான். லூர்து இதைச் சிரித்துக்கொண்டே செய்வார். எனக்கு அது வராது. உங்கள் ஒவ்வொருவரையும் திட்டிக்கொண்டேதான் நிற்பேன், ஆனால் கடைசி வண்டி கிளம்புகிறவரை நிற்பேன்.